அம்மாவுக்கு ஓர்மை தப்பியது, எனக்கும் தப்புமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வயது 48. அம்மாவுக்கு 74 வயதில் அல்சைமர் என்ற மறதி நோய் என்று சொன்னார்கள். இப்போது எனக்கும் வாடிக்கைக்காரர்கள் பேர் சட்டென்று வரமாட்டேங்கிறது. எனக்கும் வந்துவிடுமா? மரபணுச் சோதனை செய்து பார்க்கலாமா?

பதில்:

பயப்படுவது இயல்புதான் அண்ணாச்சி. ஆனால் காவல் வாசலில் நிற்கிறது, புறவாசல் திறந்து கிடக்கிறது.

முதலில் அம்மா வழி. ஒரே மரபணுவால் தலைமுறைதோறும் 40, 50 வயதிலேயே வரும் அல்சைமர் ஒன்று உண்டு. அதில்தான் பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நூறு அல்சைமர் நோயாளிகளில் ஒருவர்கூட அந்த வகையில் தேறமாட்டார். 74-ல் வந்தது அந்த வகை இல்லை. பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து ஓரளவு கூடும், அவ்வளவுதான். ஏபிஓஇ-4 என்ற மரபணு ஒரு பிரதி இருந்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு என்பார்கள். அதை வைத்துக்கொண்டே கடைசிவரை தெளிவாக இருந்தவர்களும் உண்டு, அது இல்லாமலே நோய் வந்தவர்களும் உண்டு. முடிவு எப்படி வந்தாலும் நீங்கள் இன்று செய்யவேண்டியது மாறாது. இந்த நிலையில் அந்தச் சோதனை வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்து, பேர் மறப்பது. கல்லாவில் நிற்கும்போது வராத பேர் ராத்திரி சாப்பிடும்போது வந்துவிடுகிறதா? அப்படியானால் உள்ளே பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் நேரமாகிறது. தூக்கக்குறைவும் கவலையும் இதை நன்றாகவே கூட்டும். நோயின் மறதி வேறு மாதிரி. நாற்பது வருஷம் சொதி வைத்த கை, தேங்காயின் முதல் பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டுத் திரிய வைக்கும். இரண்டாம் பாலில் காய் வெந்தபிறகு, கடைசியாக முதல் பாலை விட்டு இறக்கவேண்டும் என்ற வரிசை கலைந்துபோயிருக்கும். சுட்டிக்காட்டினாலும், தான் சரியாகத்தான் செய்தேன் என்பார்கள். ஒரே கேள்வி அரைமணியில் நாலு தடவை வரும். டவுனில் பழகிய ரத வீதியிலேயே எந்தப் பக்கம் திரும்புவது என்று நின்றுவிடுவார்கள். நோய் உள்ளவருக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை, கூட இருப்பவர்தான் கவனிப்பார். அதனால் உங்களை நீங்களே தினமும் சோதிக்காதீர்கள். வீட்டில் அக்காளிடமோ மனைவியிடமோ, “பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிடக் கணக்கு வழக்கில் நான் மோசமா?” என்று ஒருதடவை கேளுங்கள். பற்று நோட்டில் ஒரே கடனை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

இனி நாம் காவல் வைக்காத புறவாசல், அதாவது நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள். லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. அத்தனையும் சரிசெய்தால் உலகில் சுமார் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு. ஊருக்கான கணக்கு இது, தனி ஆளுக்கான ஜாதகம் இல்லை. அதில் பங்கு பெரியவை இரண்டு: காது மந்தம், கெட்ட கொழுப்பு. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை எல்லாம் பட்டியலில் உண்டு. மறதிக்குப் பயந்து காதைச் சோதிக்க வருபவரை நம்மூரில் காண்பது அபூர்வம்.

பிரஷரை வீட்டிலேயே பாருங்கள். அரைமணி முன்பு காப்பி, பீடி கூடாது. ஐந்து நிமிஷம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கால் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். சட்டைக் கைக்கு மேல் பட்டை சுற்றினால் அளவு தப்பும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை, காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி போடுங்கள். 135/85 அல்லது அதற்குமேல் என்றால் டாக்டரைப் பாருங்கள். பலர் இடறுவது இதற்குப் பிறகுதான்: அளவு இறங்கியதும் “சரியாப் போச்சு” என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இறங்கியதே மாத்திரையால்தான். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மாத்திரைக்கும் இதே விதி.

டிவி சத்தத்தை வீட்டில் எல்லோரையும்விடக் கூட வைக்கிறீர்களா? கடை இரைச்சலில் “என்னது, என்னது?” என்று கேட்கிறீர்களா? முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா பார்க்கச் சொல்லி, பிறகு ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுங்கள். காதுக் கருவி தந்தால் மேசை டிராயரில் போடாமல் தினமும் மாட்டவேண்டும். தொடக்கத்தில் எல்லாச் சத்தமும் இரைச்சலாகத் தோன்றும், சில வாரத்தில் பழகும்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகப் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். குறைந்தால் மறதியும் வரும், கால் மரத்தும் போகும். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரைகளும் மறதி நோய் மாதிரியே காட்டும். இவை சரிசெய்யக்கூடியவை. ரத்தத்தில் பி12, தைராய்டுக்கான டிஎஸ்எச், சர்க்கரை மூன்றையும் பாருங்கள்.

வீட்டார் சொல்வதும் கவலையாக இருந்தால் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவுக்குப் போங்கள். போடும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் அள்ளிக்கொள்ளுங்கள். கூட வசிப்பவர் ஒருவரையும் கூட்டிப்போங்கள். டாக்டர் அவரிடமும் கேட்பார்.