“கூகுள்தான் இருக்கே, இது எதுக்கு?” என்று கேட்ட அப்பாவுக்கு

சார், நேற்று கடையில் ஆள் வந்துவிட்டார் என்று போனைப் பாதியில் வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதியே அனுப்புகிறேன், உங்கள் மகள் பாப்பாவிடமும் காட்டுங்கள். நீங்கள் கேட்டது ரெண்டு விஷயம். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷத்தில் போய் ‘ரிலேஷனல் டேட்டாபேஸில் கீவேர்ட் தேடல், சாதாரண ஆட்களும் பயன்படுத்தும்படி’ என்று ஒரு ப்ராஜெக்ட் எடுத்திருக்கிறாளே, தேடுவதற்குத்தான் கூகுள் இருக்கே, இதற்கு யார் வேலை கொடுப்பார்கள் என்பது ஒன்று. கூடப் படிக்கிற பிள்ளைகள் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி ரெடிமேடாக வாங்கிவிட்டார்கள், இவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாமா என்பது இன்னொன்று. ரெண்டாவதற்கு, வேண்டாம். காரணம் பின்னால் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு உங்கள் மோட்டார்-பைப் கடையையே எடுத்துக்கொள்வோம். போன வருஷம் ஒன்றரை இஞ்ச் பால் வால்வு வாங்கிப்போன பழனிச்சாமி, அது ஒழுகுகிறது என்று கையில் தூக்கிக்கொண்டு வருகிறார், பில்லைத் தொலைத்துவிட்டார். கவுண்டரில் இருக்கும் பையன் என்ன செய்வான்? பில் போடும் சாப்ட்வேரில் வாடிக்கையாளர் பட்டியலைத் திறப்பான், ஏழெட்டுப் பழனிச்சாமி வருவார்கள், ஒவ்வொருவருடைய பில்லாகத் திறந்து உள்ளே வால்வு இருக்கிறதா என்று பார்ப்பான், நடுவில் ரெண்டு பேர் சொல்யூஷன் டப்பா கேட்டு நிற்பார்கள். ‘பழனிச்சாமி பால் வால்வு’ என்று ஒரே பெட்டியில் தட்டினால் வராதா என்றால், வராது.

ஏனென்றால் அந்தப் பெயர் ஒரு டேபிளில் (பட்டியலில்) இருக்கிறது, சரக்கு வேறொரு டேபிளில், பில் நம்பரும் தேதியும் மூன்றாவதில், எந்தப் பில்லில் எந்தச் சரக்கு என்பது நான்காவதில். அப்படிப் பிரித்து வைப்பதுதான் முறை, ரிலேஷனல் டேட்டாபேஸ் என்பதே அதுதான். 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து தொடங்கிய முறை அது. போன் நம்பர் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும், நூறு பில்லைத் தொட வேண்டியதில்லை. கணக்குக்கு நல்லது, தேடுகிறவனுக்குத் தலைவலி. கூகுள் தேடுவது பக்கங்களை, அங்கே சொற்கள் ஒன்றாகவே கிடக்கும். உங்கள் சாப்ட்வேரில் பழனிச்சாமியும் பால் வால்வும் ஒரே வரியில் எங்கேயுமே இல்லை. நாலு டேபிளையும் ஜாயின் பண்ணி (அதாவது இணைத்து) எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மொழியில் கேள்வி எழுதத் தெரிந்தவருக்குத்தான் பதில் கிடைக்கும், உங்கள் பையனுக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அது தெரியாதவரும் சொல்லைத் தட்டினால் பதில் வரும்படி செய்கிற வேலையைத்தான் பாப்பா கையில் எடுத்திருக்கிறாள்.

கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ரெண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? நீங்க எந்த ஊரு, யார் வீட்டுக்கு என்று ஆரம்பித்து, பெரியம்மா மகன், அவர் கட்டின வீடு, அந்த மச்சினன் என்று ஆளுக்கு ஒரு பக்கமிருந்து உறவைப் பிடித்துக்கொண்டே வந்து நடுவில் ஓர் ஆளிடம் சந்திப்பார்கள். கீவேர்ட் தேடலும் ஏறக்குறைய இப்படித்தான். ஒவ்வொரு சொல்லும் இருக்கும் வரியிலிருந்து கிளம்பி, டேபிள்களுக்கு நடுவே இருக்கும் தொடர்புகள் வழியாக நகர்ந்து, எல்லாம் வந்து சேரும் இடத்தைக் கண்டுபிடிப்பது. பம்பாய் ஐஐடியில் 2002இல் செய்த ‘பேங்க்ஸ்’ என்ற கருவி இந்த வழியில்தான் போனது (பெயரைப் பார்த்து வங்கி என்று நினைக்க வேண்டாம்). அதைச் செய்தவர்களில் ஒருவர் பேராசிரியர் எஸ். சுதர்சன், சென்னை ஐஐடியில் பி.டெக் படித்தவர், பாப்பாவின் டேட்டாபேஸ் பாடநூல் பலரும் படிக்கும் அதே நூல்தான் என்றால், அட்டையில் மூன்றாவதாக அவர் பெயர் இருக்கும். அதே வருஷம் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து டிபிஎக்ஸ்ப்ளோரர், கலிபோர்னியாவிலிருந்து டிஸ்கவர் என்று இன்னும் ரெண்டு வந்தன.

அதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரெண்டு பேரும் ஈரோடு என்பதால் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்களா? ஆனால் கம்ப்யூட்டருக்கு அப்படித்தான் தோன்றும், ஊர் டேபிளில் ‘ஈரோடு’ என்ற ஒரே வரியோடு ஆயிரம் வாடிக்கையாளர்கள் ஒட்டிக்கொண்டிருப்பதால் அதன் வழியாக யாரை யாரோடு வேண்டுமானாலும் கோர்த்துவிடலாம். அதனால் ஒரு வரியோடு எவ்வளவு பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்களோ அவ்வளவுக்கு அந்த வழியை நீளமானதாகக் கணக்கு வைத்தார்கள். பாப்பா இந்த ஒன்றை மட்டும் சொந்தமாகப் புரிந்துகொண்டு உங்கள் கடைக் கணக்கில் ஓட்டிக் காட்டினாலே நேர்காணலில் அரை மணி நேரம் பேசலாம்.

இப்போது ரெடிமேட் விஷயம். ஒரு கல்லூரியில் மாதிரி நேர்காணல் நடத்தப் போயிருந்தேன், ஒரு பையன் இதே தலைப்போடு வந்தான், பவர்பாயின்ட் பளபளவென்று இருந்தது, ரெண்டு சொல் போட்டுக் காட்டினான், பட்டென்று பதில் வந்தது. சரிப்பா, மூன்றாவதாக உன் ஊர்ப் பெயரையும் சேர்த்துப் போடு என்றேன். திரை வெள்ளையாக நின்றது. எந்த டேபிளில் ஊர் இருக்கிறது என்று கேட்டதற்கு, “அது சென்டர்ல கேக்கணும் சார்” என்றான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அவன் அப்பா கட்டிய பணத்தை நினைத்துத்தான் வயிறு எரிந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தத் தேடல் முறைகளை வரிசையாக ஓட்டிப் பார்த்து, நடைமுறைத் தேடலுக்கு இவற்றில் பல லாயக்கில்லை, நினைவகத்தை விழுங்குகின்றன என்று அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெண்டு பேர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 2014இல் ஐஇஇஇ இதழில் வந்தது. நம் ஊர் ப்ராஜெக்ட் சென்டர்களின் பட்டியலில் அந்தக் கட்டுரையின் தலைப்பே விற்பனைக்கு ஏறியது. ஓடவில்லை என்று சொன்ன கட்டுரையை, ஓடுகிறது என்று விற்றார்கள்!

பாப்பாவின் சீனியர், சாட்ஜிபிடியே எஸ்க்யூஎல் எழுதிவிடும், இந்தத் தலைப்பு செத்துப்போச்சு என்று பயமுறுத்தினாராமே. எழுதும், நன்றாகவே எழுதும். ஆனால் ‘இந்த மாசம் எத்தனை வால்வு விற்றோம்’ என்று கேட்டால், கேன்சல் ஆன பில்லையும் திரும்பி வந்த சரக்கையும் சேர்த்தே எண்ணி ஒரு நம்பரை நீட்டிவிட வாய்ப்பு இருக்கிறது. எர்ரர் எதுவும் வராது. கேட்டவர் உங்களைப் போன்றவர், அந்த எஸ்க்யூஎல்லைப் படித்துத் தப்புப் பிடிக்க முடியாது. கீவேர்ட் தேடலில் அந்தப் பில்லே கண்ணெதிரில் வரும், சரியா தப்பா என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஆகவே ரெண்டையும் அவள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். யேல் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ‘ஸ்பைடர்’ என்ற தொகுப்பு இணையத்தில் இலவசம்: 200 டேட்டாபேஸ், 11 மாணவர்கள் உட்கார்ந்து தயாரித்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கேள்விகள். சாதாரண பேச்சில் கேட்கும் கேள்வியை எஸ்க்யூஎல் ஆக்குவது எவ்வளவு தூரம் சரியாக வருகிறது என்று பார்க்கவே உண்டாக்கியது.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ‘கீவேர்ட் தேடல் இன்ஜினியர் தேவை’ என்று எந்த விளம்பரமும் வராது. பேக்எண்ட் டெவலப்பர், டேட்டா அனலிஸ்ட், டேட்டா இன்ஜினியர் என்றுதான் வரும், மூன்றிலும் முதலில் நோண்டிக் கேட்பது ஜாயினும், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸும்தான், இந்த ப்ராஜெக்ட்டில் அவை ரெண்டும் கை பழகிவிடும். ஜோஹோ அனலிடிக்ஸில் ‘ஜியா’ என்ற ஏஐ உதவியாளரிடம் சாதாரண வாக்கியத்தில் கேள்வி கேட்கலாம், 2012இல் தொடங்கிய தாட்ஸ்பாட் என்ற அமெரிக்க நிறுவனம் இந்தத் தேடல் பெட்டியை வைத்தே தொழில் நடத்துகிறது. மேல்படிப்பு ஆசை இருந்தால் கேட் தேர்வில் 2024 முதல் டேட்டா சயின்ஸ்-ஏஐ என்று தனித் தாள் இருக்கிறது, அதிலும் டேட்டாபேஸ் உண்டு. முதல் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அதைச் சொல்கிற ஆலோசகரை நம்பவும் செய்யாதீர்கள்.

பாப்பாவுக்கு ஒரு வார்த்தை. அம்மா, பெரிய அல்காரிதத்தில் இறங்குவதற்கு முன்னால் பெயரைப் பாரு. உங்கள் கடை பில்லில் பழனிச்சாமியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக அடித்திருக்கிறார்கள் என்று எண்ணு. சவுண்டெக்ஸ் என்று ஒரு முறை, உச்சரிப்பில் ஒத்த பெயர்களுக்கு ஒரே குறியீடு தருவது, 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சாப்ட்வேரில் இலவசமாகவே கிடைக்கும். ‘சாமி’க்கு எஸ் போட்டாலும் சி-ஹெச் போட்டாலும் அது ஒரே குறியீட்டைத் தரும், பி452. ஆனால் ‘ழ’வுக்கு எல் போடாமல் இசட்-ஹெச் போட்டுவிட்டால் பி252 ஆகிவிடும், அந்தப் பழனிச்சாமி வரவே மாட்டார். ‘ழ’ அதற்குத் தெரியாது, நீதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எக்ஸாமினர் வாயை அடைக்க இது ஒன்று போதும்.

சார், உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கடை டேட்டாவின் பேக்கப்பை அவளுக்கு ஒரு காப்பி எடுத்துக் கொடுங்கள், பில் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் கைவைக்க விடாதீர்கள். அந்தக் காப்பியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். காலேஜில் காட்ட இன்னொரு காப்பி எடுத்து, அதில் போன் நம்பரை அழித்துவிட்டு, இன்னார் என்று தெரியாதபடி பெயர்களை இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். முதல் வடிவம் தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தின பிறகு கவுண்டர் பையனை உட்கார வைத்து அந்தப் பால் வால்வைத் தேடச் சொல்லுங்கள், அவன் திணறும்போது இவள் குறுக்கே விழுந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது, நோட்டில் எழுதிக்கொள்ள மட்டும்தான் செய்யலாம். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ரெண்டு பேரும் என்னிடம் வாருங்கள்.