பதில்: மாடல் கணினியில் சரி, போனில் சிதறுகிறது

உங்கள் 3டி மாடல் கணினியில் சரியாக வருகிறது, போனில் மட்டும் சிதறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஷேடரில் (ஜிபியுவில் ஓடும் சிறு நிரலில்) தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. நார்மலை (மேற்பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற திசையை) மூன்று 16 பிட் ஃப்ளோட்டாக (தசம எண்ணாக), வெர்டெக்ஸுக்கு (மாடலின் ஒவ்வொரு முனைப்புள்ளிக்கும்) 6 பைட் என்று வைத்திருக்கிறீர்கள் இல்லையா? அங்கேதான் எனக்குச் சந்தேகம். வல்கனில் (ஜிபியுவிடம் வேலை வாங்கும் கிராஃபிக்ஸ் இடைமுகம்) எல்லா ஜிபியுவும் இந்த ஃபார்மேட்டை வெர்டெக்ஸ் பஃபரில் (வெர்டெக்ஸ் தரவு இருக்கும் நினைவகப் பகுதியில்) ஏற்றே ஆக வேண்டும் என்று விதி இல்லை. உங்கள் டெஸ்க்டாப் கார்டு ஏற்றது, அவ்வளவுதான்.

'கெட் ஃபிசிக்கல் டிவைஸ் ஃபார்மேட் ப்ராப்பர்ட்டீஸ்' ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பார்த்தேன், ஆதரவு இருப்பதாகவே வந்தது என்கிறீர்கள். அது திருப்பித் தருவதில் மூன்று புலங்கள் உண்டு: லீனியர் டைலிங், ஆப்டிமல் டைலிங், பஃபர். முதல் இரண்டும் இமேஜை நினைவகத்தில் அடுக்கும் விதங்களுக்கானவை. நீங்கள் எழுதியிருக்கும் வரி ஆப்டிமல் டைலிங்கைப் பார்க்கிறது. டெக்ஸ்சர் கோடிலிருந்து எடுத்து ஒட்டும்போது பலருக்கும் இப்படி ஆகும். பஃபர் ஃபீச்சர்ஸ் புலத்தில் வெர்டெக்ஸ் பஃபர் பிட் எரிகிறதா என்று பாருங்கள். வேலிடேஷன் லேயரை (வல்கனைத் தப்பாகப் பயன்படுத்தினால் சொல்லும் சோதனைக் கருவி) போனிலும் ஓடவிடுங்கள், பைப்லைன் (வரைவதற்கான அமைப்புகளின் தொகுப்பு) உருவாக்கும்போதே அது கத்திவிடும்.

பிட் இல்லை என்றால், இருந்தாலும்கூட, நான் நான்கு கூறுக்கு மாறச் சொல்வேன். நான்கு 16 பிட் ஃப்ளோட், 8 பைட். இதற்கு ஆதரவு கட்டாயம். நான்காவதில் பூஜ்யம் போடுங்கள். ஷேடரில் வெக்3 (மூன்று எண் கொண்ட வகை) அப்படியே இருக்கட்டும், மிச்சத்தை அது கண்டுகொள்ளாது. பைப்லைனில் ஸ்ட்ரைடையும் (ஒரு வெர்டெக்ஸிலிருந்து அடுத்ததற்கு உள்ள பைட் தூரம்) ஆஃப்செட்டையும் (வெர்டெக்ஸுக்குள் ஒவ்வொரு தரவும் தொடங்கும் இடம்) மட்டும் மறக்காமல் மாற்றுங்கள். நாளைக்கு ஆப்பிள் கருவிகளுக்குக் கொண்டுபோனாலும் இது கைகொடுக்கும். மெட்டலில் (ஆப்பிளின் கிராஃபிக்ஸ் இடைமுகம்) பழைய ஜிபியுக்களில் ஸ்ட்ரைடு 4-இன் மடங்காக இருக்க வேண்டும்.

நிறத்துக்கும் மூன்று பைட் வைத்திருந்தால் அதையும் நான்காக்கிவிடுங்கள். பொசிஷனை மூன்று 32 பிட் ஃப்ளோட்டாகவே விடலாம், அதற்குக் கட்டாய ஆதரவு உண்டு.