125 நியூட்டன் கணக்கு, 4,000 நியூட்டன் அளவீடு: ஏன்?

லோட் செல்லை, அதாவது விசை அளக்கும் கருவியை, குறை சொல்ல வேண்டாம் தம்பி. கொக்குவில் பட்டறையில் நிமிர்த்தி வைத்த 6 மி.மீ. உருக்குக் கம்பி, 1 மீட்டர் நீளம், மேலே 10 கிலோ விழுந்தது, கணக்குப்படி 125 நியூட்டனில் வளைய வேண்டியது 4,000 காட்டியது என்கிறீர்கள். கம்பி எந்தச் சுமையில் பக்கவாட்டில் வளையும் என்று சொல்லும் ஆய்லர் சூத்திரத்தின் 125 நியூட்டன் மெதுவாக ஏற்றும் சுமைக்குத்தான். அடி விழுந்தால் அழுத்த அலை 0.2 மில்லிசெக்கனில் மறுமுனை சேரும். கம்பி பக்கவாட்டில் ஒருமுறை ஆட ஏறக்குறைய 84 மில்லிசெக்கன் வேண்டும். ஒரே பெரிய வளைவாக வளைய நேரமே இல்லை! மோதும் வேகம் செக்கனுக்கு 1 மீட்டர் என்றால் தகைப்பு (ஒரு பரப்பலகில் விழும் விசை) சுமார் 40 மெகாபாஸ்கல். 1 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 175 மெகாபாஸ்கல், அதாவது இந்தக் கம்பியில் 5,000 நியூட்டன் வரை. அந்தச் சுமையில் சிறு அலைகளே வேகமாக வளரும். அதனால்தான் கம்பி பாம்பு மாதிரி நெளிந்திருக்கிறது. அப்புறம், அடுத்த கம்பி நேராக இருக்கிறதா என்று முதலில் தட்டையான கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். ஆரம்பக் கோணல் முடிவை நிறையவே மாற்றும்.