பால் ஜாயிண்ட் ஆட்டமும் ஆர்மை அறுத்து ஒட்டும் யோசனையும்

கேள்வி: எங்கள் மாந்தோப்பில் மருந்து டேங்க்கையும் பழக்கூடைகளையும் இழுப்பதற்காகப் பழைய ஏ.டி.வி. (கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறு நாற்சக்கர வண்டி) ஒன்றை வைத்திருக்கிறேன். முன்சக்கரத்தைச் சேசிஸுடன் பிணைக்கும் கீழ் ஆர்மின் முனையில் உள்ள பால் ஜாயிண்ட்டைப் (கிண்ணத்துக்குள் உருண்டை திரும்பும் இணைப்பு) புதிதாக மாற்றினாலும் சில மாதங்களில் ஆடத் தொடங்கிவிடுகிறது. ஆர்மின் முனையை அறுத்துவிட்டு, பெரிய கார் பால் ஜாயிண்ட் உட்காரும்படி ஒரு வளையம் வைத்து வெல்டிங் செய்து தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். செய்யலாமா ஐயா?
— வாசகர், பர்கூர்

பதில்: செய்யலாம். ஆனால் அறுக்கும் முன் ஜாயிண்ட் ஏன் தேய்கிறது என்று பார்த்துவிடுங்கள். காரணம் வேறிடத்தில் இருந்தால் பெரிய ஜாயிண்ட்டும் அதே கதிக்குத்தான் வரும். உங்கள் பகுதியில், பாறை பொடிந்து உண்டான செம்மண்ணில் குவார்ட்ஸ் துகள்கள் அதிகம். அவை சாதாரண எஃகைவிடக் கடினமானவை. ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட்டில் (உறையில்) சிறு கிழிசல் இருந்தாலே அத்துகள்கள் உள்ளே போய்க் கிரீஸுடன் கலந்து, வால்வு தேய்க்கும் பசையைப் போல உருண்டையையும் கிண்ணத்தையும் அரைத்துவிடும். அடுத்து, சக்கரம் அகலமாகத் தெரிய வேண்டும் என்று யாராவது சக்கரத்துக்கு உள்பக்கம் ஸ்பேசர் (இடைத்தட்டு) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சக்கரம் வெளியே தள்ளிப் போகப் போக, ஒவ்வொரு கல்லின் அடியும் ஜாயிண்ட்டில் கூடுதல் நெம்புவிசையாக இறங்கும். ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு ஆர்மை முழுமையாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஷாக் மாட்டியிருக்கும்போது ஆர்ம் போகும் எல்லைக்குள் ஓரிடத்தில் ஸ்டட்டின் (உருண்டையிலிருந்து நீளும் தண்டின்) கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் இடித்தால், நீளமான ஷாக் போட்டதாலோ ஆர்ம் வளைந்ததாலோ ஜாயிண்ட் தன் கோண எல்லையைத் தாண்டுகிறது என்று பொருள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தேய்மானம் தொடர்ந்தால் பட்டறைக்காரரின் யோசனைக்கு வரலாம். இதில் பலரும் தவறுவது வேலையின் வரிசையில்தான். வளையத்தை லேத்தில் கச்சிதமாகக் கடைந்து எடுத்து வந்து பிறகு ஆர்மில் வெல்டிங் செய்தால், சூட்டில் துளை முட்டை வடிவமாகிவிடும். அதில் அழுத்திய ஜாயிண்ட் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்து நிற்கும். ஆகவே துளையைச் சிறியதாக விட்டு வெல்டிங்கை முடித்து, முழுவதும் ஆறிய பிறகே இறுதி அளவுக்குப் போரிங் (இயந்திரத்தில் துளையின் உட்பக்கத்தைக் கடைதல்) செய்ய வேண்டும். 40 மி.மீ. துளையில் வழக்கமான இறுக்கப் பொருத்தம் என்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வித்தியாசம் மட்டுமே என்பதால், கை டிரில் இந்த வேலைக்கு ஆகாது. ஓசூர்ப் பக்கம் போரிங் வேலை செய்யும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கு கொண்டு போவதே நல்லது. ஜாயிண்ட் உள்ளே இருக்கும்போது அதன் அருகில் வெல்டிங் வைக்கவே கூடாது. உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உறை உருகிவிடும். ஆர்ம் குரோம்மாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) குழாயாக இருந்தால் டிக் வெல்டிங்கே (டங்ஸ்டன் முனையும் மந்த வாயுவும் கொண்டு செய்வது) பொருத்தம். சூடான இணைப்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் அது நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

ஸ்டட்டின் டேப்பரும் (கூம்பிப் போகும் சரிவு), அது உட்காரும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) துளையின் டேப்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். 1:8, 1:10 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஸ்டட்டில் நீல மசி தடவித் துளையில் அழுத்திப் பார்த்து, நீளம் முழுவதும் தடம் படிகிறதா என்று உறுதி செய்யுங்கள். மேலோரம் மட்டும் பிடித்தால் ஸ்டட் ஒரு நாள் ஒடியும். சில கார்களில் ஸ்டட் டேப்பர் இல்லாமல் நேராக இருந்து போல்ட்டால் கவ்வப்படும். அந்த வகை உங்கள் நக்கிளுக்கு உதவாது.

உருண்டையின் மையம் பழைய இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கேம்பர் (சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணம்) மாறும். சக்கரத்தைத் திருப்பும் டை ராடுடன் இருந்த ஒத்திசைவும் கெட்டு, மேடு ஏறும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பும். எனவே அறுக்கும் முன்பே பழைய ஆர்மை வைத்து ஒரு ஜிக் (அளவு மாறாமல் பிடித்துவைக்கும் சட்டம்) செய்துகொள்ளச் சொல்லுங்கள், இரு பக்கத்தையும் அதே ஜிக்கில் முடிக்கச் சொல்லுங்கள். கீழ் ஆர்மில் ஷாக் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் பாரமெல்லாம் கீழ் ஜாயிண்ட்டின் மீதே விழுவதால், பந்தய வண்டிகளில் காணும் ராட் எண்ட் (மரைத் தண்டின் முனையில் உருண்டை இணைப்பு கொண்டது) வகையை அங்கே நான் சிபாரிசு செய்யமாட்டேன். மரை வெட்டிய தண்டு வளைவு விசைக்குப் பலவீனமானது, தூசிக்கும் அதில் மறைப்பு இல்லை.

பொருத்தியபின் கேசில் நட்டின் (மேல்விளிம்பில் பிளவுகள் உள்ள நட்) பிளவு ஸ்டட்டின் துளைக்கு நேராக வரவில்லை என்றால், நட்டைத் தளர்த்தாமல் அடுத்த பிளவுவரை இறுக்கி ஸ்பிளிட் பின் போடுங்கள். ஆட்டத்தைச் சோதிக்கும்போது ஜாக்கியைச் சேசிஸுக்குக் கீழே கொடுக்காமல் கீழ் ஆர்முக்கு அடியில் கொடுத்துச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். அப்போதுதான் பாரம் நீங்கி உண்மையான ஆட்டம் கைக்குத் தெரியும்.