மூன்றாவது மூட்டை யூரியா தேவைதானா?

கேள்வி: வலங்கைமான் பகுதியில் சொந்தமாக நான்கு மா, குத்தகைக்கு இரண்டு மா என இரண்டு ஏக்கரில் சம்பா பயிரிடுகிறேன். ஏக்கருக்கு 30 கிலோ விதை, மூன்று மூட்டை யூரியா, ஒரு மூட்டை டி.ஏ.பி. செலவாகிறது, வயலில் நீர் வற்ற விடுவதில்லை. சிறு விவசாயிகள் விதை, உரம், நீர் மூன்றையும் விரயம் செய்வதாக ஒரு பயிற்சிக் கூட்டத்தில் கூறினார்கள். இது உண்மையா?

பதில்: பாதிதான் உண்மை. ஏழை விவசாயிகள் கையிலுள்ள வளங்களைத் திறமையாகவே பயன்படுத்துகிறார்கள், அந்த வளங்கள் போதாமையே அவர்களின் வறுமைக்குக் காரணம் என்று 1964-இல் பொருளியலாளர் தியோடர் ஷூல்ட்ஸ் வாதிட்டார். காசு கொடுத்து வாங்குவதிலும் தம் கட்டுப்பாட்டில் இருப்பதிலும் டெல்டா விவசாயி சிக்கனக்காரர்தான். மலிவாகக் கிடைப்பதிலும் பிறர் கையில் இருப்பதிலுமே கணக்குத் தவறுகிறது.

விதையை எடுத்துக்கொள்வோம். இளநாற்றை ஒற்றையாக இடைவெளி விட்டு நடும் திருந்திய நெல் சாகுபடியில் ஏக்கருக்கு மூன்று கிலோ போதும் என்பது சரிதான். ஆனால் 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாகப் பள்ளக்கால் வயலில் நட்ட மறுவாரமே ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் மிஞ்சுவது எதுவுமில்லை. ஆகவே நீங்கள் கூடுதலாகத் தெளிக்கும் விதையில் ஒரு பகுதி விரயமன்று, காப்பீடு. மேட்டு வயலில் மட்டும் குறைத்துப் பாருங்கள்.

யூரியாவில்தான் எனக்கு உங்களோடு வழக்கு. 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம். மூன்று மூட்டையில் 62 கிலோ, டி.ஏ.பி.யில் 9 கிலோ, ஆக ஏக்கருக்கு 71 கிலோ தழைச்சத்து. மானியத்தால் மூட்டை ரூ.266.50-க்குக் கிடைப்பதால், பத்துப் பன்னிரண்டு கிலோ நெல் கூடுதலாக விளைந்தாலே போட்ட காசு வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் தழைச்சத்து மிகுந்த பயிர் கருகருவென்று தழைத்து இலைச்சுருட்டுப் புழுவையும் புகையானையும் அழைத்து வருகிறது, குலைநோய்க்கு இடங்கொடுக்கிறது, மார்கழி மழையில் சாய்ந்தும் போகிறது. அந்தச் செலவு உரக்கணக்கில் ஏறாமல் மருந்துக் கடை ரசீதில் ஏறுவதால் நம் கண்ணில் படுவதில்லை. நட்ட 14-ஆம் நாளிலிருந்து பூக்கும்வரை வாரம் ஒருமுறை, உங்கள் நிழலில் வைத்து, நன்கு விரிந்த இளம் இலைகள் பத்தினை பச்சை நிறச் சாயல்களுக்கு எண் இட்ட இலை வண்ண அட்டையோடு ஒப்பிடுங்கள். வெள்ளைப் பொன்னியானால் மூன்றாம் எண்ணுக்கும் பிற ரகங்களானால் நான்காம் எண்ணுக்கும் கீழே பெரும்பாலான இலைகள் வெளிறியிருந்தால் மட்டும் யூரியா இடுங்கள்.

நீர் விஷயத்தில் குற்றம் உங்களுடையது மட்டுமன்று. ஒரு அடி நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அப்பாதி மண்ணுக்குள் இருக்குமாறு வயலில் ஊன்றி, உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிட்டால் நீர்மட்டம் தெரியும். அது மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும், பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். நம் முன்னோர் காய்ச்சலும் பாய்ச்சலும் என்றதும் இதைத்தான். ஆழ்துளைக் கிணறு உள்ளவருக்கு இது எளிது, இலவச மின்சாரம்தான் அவரை மோட்டாரை நிறுத்தவிடாமல் செய்கிறது. மேல்வயல் வழியாக நீர் வாங்கிக் கீழ்வயலுக்கு விடும் இடத்தில், அடுத்த முறைத்தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவர் வயலை எப்படிக் காயவிடுவார்? வாய்க்கால் தூர்வாருவதும் முறை தவறாமல் நீர் விடுவதும் அவர் கையில் இல்லை.

கூட்டத்தில் சொன்னதையும் நான் சொன்னதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வரும் சம்பாவில் ஒரு மாவை வரப்பு கட்டிப் பிரித்து, அதில் மட்டும் மூன்றாவது மூட்டைக்குரிய பங்கை விட்டுவிடுங்கள். அறுவடை இயந்திரம் இறங்குவதற்கு முன்பாக இரு பக்கமும் ஒரே அளவு இடத்தை அரிவாளால் அறுத்து, அடித்து, தூற்றி, தனித்தனியே எடை போடுங்கள். அவ்விரு பக்கத்துக்கும் ஆன மருந்துச் செலவையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.