நோர்வேக்கு மீன் பிடிக்கப் போக டிஸ்போவில் கை வைக்கலாமா?

கேள்வி: டோர்ட்முண்டில் வேலை பார்க்கிறேன். வரும் ஆகஸ்டில் நண்பர்கள் நாலு பேர் ஒரு வாரம் நோர்வேக்குத் தூண்டில் போடப் போகிறோம். ஆளுக்கு 1,800 யூரோ வரும், கையில் 700தான் இருக்கிறது. மீதியை டிஸ்போவில், அதாவது சம்பளக் கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க ஜெர்மன் வங்கி விடும் கடனில், எடுத்துவிட்டு மாதம் 100 வீதம் அடைக்கலாமா? கொண்டுவரும் மீனே பாதிச் செலவை எடுத்துத் தந்துவிடும் என்கிறான் ஒருவன்.

பதில்: அந்த மீன் கணக்கை முதலில் அழித்துவிடுங்கள். அரசிடம் பதிவு செய்த மீன்பிடி முகாமில் தங்கி, பிடித்ததைப் பதிந்து, அதற்கான சான்று கையில் இருந்தால்தான் கடல்மீனை நோர்வே எல்லைக்கு வெளியே கொண்டுவர முடியும், அதுவும் ஆளுக்கு இத்தனை கிலோ என்று அளவு உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரோ ஒருவரின் கோடை வீட்டை எடுத்தால், 2021 முதல் ஒரு கிலோகூடக் கிடையாது. பாதிச் செலவாவது, மண்ணாவது!

டிஸ்போ வட்டி 12 சதவீதம் என்று வைத்தாலும், 1,100 யூரோவை நீங்கள் சொல்கிறபடி 11 மாதத்தில் அடைத்தால் வட்டி 66 யூரோதான். அது பெரிய காசில்லை. ஆனால் டிஸ்போவுக்குத் தவணைத் தேதி கிடையாது, சம்பளம் வந்து விழுகிற அதே கணக்கில்தான் அந்தக் குழியும் இருக்கிறது, ஒரு மாதம் கார் ரிப்பேர், அடுத்த மாதம் பிள்ளையின் பள்ளிச் செலவு என்று அது மூடவே மூடாது. மாதம் 100 ஒதுக்க முடியும் என்றால் அதை இப்போதே தனிக் கணக்கில் போடுங்கள். இல்லையென்றால் பயணத்தைச் சிறிதாக்குங்கள்.

சிறிதாக்க இடம் இருக்கிறது. வடக்கே இருக்கும் லோஃபோட்டன் தீவுகள்தான் வேண்டும் என்று நிற்காமல், ட்ரொண்ட்ஹெய்ம் நகரத்துப் பக்கம் ஹித்ரா தீவுக்குப் போகலாம்: கீல் துறைமுகத்தில் காரோடு கப்பலேறி ஒஸ்லோவில் இறங்கினால் அப்புறம் ஒரு பகல் ஓட்டம், தீவு வரை கடலடிச் சுரங்கப் பாதை, செலவு நாலாகப் பிரியும். கடலில் தூண்டில் போட உரிமக் கட்டணமே இல்லை. ஆற்றுச் சால்மன் ஆசை யாருக்காவது இருந்தால் இந்த முறை வேண்டாம். அரசுக் கட்டணம், ஆற்று அனுமதி என்று தனித்தனியாகக் கட்டிவிட்டுப் போவீர்கள். 2024 ஜூனில் மீன் வரத்துக் குறைந்ததால் கௌலா உட்பட 33 ஆறுகளைப் பருவத்தின் நடுவிலேயே மூடிவிட்டார்கள். இப்படி நடந்தால் பணம் திரும்புமா என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

முகாமின் விலையில் படகுப் பெட்ரோலும், உடைந்தால் பிடிக்கிற தொகையும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 1980இலோ அதற்கு அப்புறமோ பிறந்தவர் 8 மீட்டருக்கு மேலான படகையோ 25 குதிரைசக்திக்கு மேலான எஞ்சினையோ ஓட்டச் சான்று வேண்டும், நாலு பேரில் யாரிடமும் இல்லையென்றால் சின்னப் படகே எடுங்கள், வாடகையும் குறையும். கார்டு மெஷின் யூரோவா, நோர்வேப் பணமான குரோனரா என்று கேட்டால் குரோனரை அமுக்குங்கள்.