பள்ளம் விழுந்த தகடு

கேள்வி: பட்டறையில் கிடந்த சாதாரண இரும்புத் தகட்டை வெட்டி, சுடும் பயிற்சிக்கு இலக்காக மாட்டினேன். பத்தே நாளில் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் பள்ளமாகிவிட்டது. இன்னும் தடிமனாக வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. முதலில் அந்தத் தகட்டைக் கழற்றுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். வழவழப்பான கடினத் தகட்டில் பட்ட தோட்டா சிதறும்போது சில்லுகள் பெரும்பாலும் தகட்டின் முகத்தை ஒட்டியே நாலாபக்கமும் தெறிக்கும். பள்ளம் இருந்தாலோ அதன் வளைவு அதே சில்லுகளைத் திருப்பி உங்கள் பக்கமே அனுப்பும். அதனால் பார்க்க வேண்டியது கடினத்தன்மை. கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் சாதாரண இரும்பு 120, 150 என்று இருக்கும். ஏஆர்500 எஃகு சுமார் 500. சுரங்கங்களில் கல்லும் மண்ணும் உரசித் தேயும் இடங்களுக்குப் போடுகிற வகைதான் இது.

ஏஆர்500 தகடு பிஸ்டலுக்கும் வழக்கமான ரைஃபிளுக்கும் 9.5 மி.மீ. தடிமன், சக்தி அதிகமான ரைஃபிள் என்றால் 12.7 மி.மீ. பிஸ்டலுக்குக் குறைந்தது 10 மீட்டர், ரைஃபிளுக்கு 100 மீட்டர் தள்ளி நில்லுங்கள். தயாரிப்பாளர் அதிகம் சொன்னால் அதுதான் கணக்கு. தோட்டா நொடிக்கு 900 மீட்டருக்கு மேல் வேகத்தில் வந்து மோதினால் ஏஆர்500-லும் பள்ளம் விழும். உள்ளே எஃகுக் கரு வைத்த தோட்டா வேண்டவே வேண்டாம்.

அப்புறம், நல்ல தகட்டை வாங்கி அதன் முகத்திலேயே கொக்கியை வெல்டிங் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய கடினத்தை அவர்களே சூடுபோட்டு இளக்கிவிடுகிறார்கள்! துளையில் போல்ட் போட்டுச் சங்கிலியில் தொங்கவிடுங்கள், மேல்விளிம்பு கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கட்டும், சில்லுகள் தரையைப் பார்த்துப் போகும். பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும் வேண்டும், வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் சேர்த்துத்தான். ஒவ்வொரு முறையும் சுடுமுன் தகட்டைக் கையால் தடவிப் பாருங்கள். குழியோ விரிசலோ வளைவோ தட்டுப்பட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

கேள்வி: ஏர் ரைஃபிளுக்கும் இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

பதில்: ஈயக் குண்டு என்றால் மெல்லிய எஃகுத் தகடே தாங்கும், ஆனாலும் கண்ணாடி போடுங்கள். சின்ன எஃகு உருண்டைகள் என்றால் எந்தத் தகடும் ஆகாது, அவை நசுங்காமல் முழுசாக எகிறித் திரும்பி வரும். அதற்குக் காகிதம்தான், பின்னால் கனமான துணி.